நின்று நனைந்த வண்டியும் ஓடி நனைந்த வண்டியும்

பழைய கார் வாங்குவதும் பழைய நாற்சக்கர இயக்க வண்டி வாங்குவதும் மேலோட்டமாக ஒரே வேலையாகத் தோன்றினாலும், சோதிக்கும் முறையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. எஞ்சினின் ஆற்றல் முன் சக்கரங்களுக்கு மட்டுமோ பின் சக்கரங்களுக்கு மட்டுமோ செல்லாமல் நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து செல்லும் அமைப்பே நாற்சக்கர இயக்கம். பேச்சு வழக்கில் இதை ‘ஃபோர் பை ஃபோர்’ என்பர். இந்த அமைப்புக்கென்றே கூடுதலாகச் சேர்க்கப்படும் பாகங்களில் பெரும்பாலானவை வண்டியின் அடிவயிற்றில், வாங்குபவரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், சேற்றுக்கும் தண்ணீருக்கும் நேர் எதிரே அமைந்திருக்கின்றன. ஆகவே பளபளக்கும் பெயிண்டையும் தோல் இருக்கையையும் பார்த்து விலை பேசுபவர், எதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறாரோ அதைப் பார்க்காமலேயே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்.

தென்சென்னைப் புறநகரில் இந்தச் சோதனைக்கு இன்னொரு தேவையும் சேர்ந்துகொள்கிறது. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடி ரேடியல் சாலையை ஒட்டியுள்ள கோவிலம்பாக்கம், ஏரிகளுக்கும் சதுப்பு நிலத்துக்கும் இடைப்பட்ட தாழ்வான நிலத்தில் வளர்ந்த ஊர். கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும் பாதை இதன் அருகில்தான் செல்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் வெள்ளத்தில் சிக்கின. இத்தகைய நாட்களில் சிறிய கார் நிறுத்திய இடத்திலேயே மூழ்குகிறது. உயரமான நாற்சக்கர இயக்க வண்டியோ, குழந்தைகளையும் முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் ஓட்டப்படுகிறது. முன்னது நின்று நனைந்த வண்டி, பின்னது ஓடி நனைந்த வண்டி. நின்று நனைந்த வண்டிக்குக் காப்பீட்டுக் கோரிக்கையும் பணிமனை ரசீதும் சாட்சியாக இருக்கக்கூடும். ஓடி நனைந்த வண்டி அன்று மாலை வீடு திரும்பிக் கழுவப்பட்டு, எந்தப் பதிவும் இல்லாமல் சில ஆண்டுகள் கழித்து விற்பனைக்கு வருகிறது. இப்பகுதியில் பழைய எஸ்.யு.வி. வாங்குபவர் முதலில் தேட வேண்டியது இந்த இரண்டாம் வகை நனைதலின் சுவடுகளையே.

எந்த வண்டி, எந்த அமைப்பு

பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கும் இவ்வகை வண்டிகளில், 1998-இல் அறிமுகமான டாடா சஃபாரி, 2002-இல் வந்த மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, 2003-இல் வந்த ஃபோர்டு எண்டெவர், 2009-இல் வந்த டொயோட்டா ஃபார்ச்சூனர், 2010-இல் வந்த மஹிந்திரா தார் ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் எண்டெவர் தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மறைமலைநகர் ஆலையிலிருந்தும், 2012-இல் அறிமுகமான மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் திருவள்ளூர் ஆலையிலிருந்தும் வெளிவந்தவை என்பதால், சென்னைக்கு இவை உள்ளூர் வண்டிகள் என்றே சொல்லலாம். ஆனால் 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பஜேரோ ஸ்போர்ட்டும் இன்று புதிதாக விற்பனையில் இல்லை. உற்பத்தி நின்ற வண்டியின் விலை குறைவாக இருப்பதற்கு உதிரிபாகம் பற்றிய அச்சமும் ஒரு காரணம் ஆதலால், விலை பேசுவதற்கு முன்பே அந்த வண்டிக்குரிய, ஆற்றலை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பாகங்களும் முன் ஆக்சில் பாகங்களும் கிடைக்குமா, எத்தனை நாளில் கிடைக்கும் என்று பணிமனையில் விசாரித்துக்கொள்வது அறிவுடைமை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கழற்றிய பாகங்கள் கிடைப்பது உண்மைதான் என்றாலும், கழற்றிய கியர் பாகம் எவ்வளவு தேய்ந்தது என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது.

ஒரே பெயரில் விற்ற வண்டிகள் எல்லாமே நாற்சக்கர இயக்கம் கொண்டவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஸ்கார்ப்பியோ, சஃபாரி, எண்டெவர் ஆகிய மூன்றிலும் பின் சக்கர இயக்கம் மட்டும் கொண்ட வகைகள் ஏராளமாக விற்றுள்ளன. பின்கதவில் ஒட்டிய ‘4x4’ எழுத்தைக் கடையில் வாங்கி யாரும் ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே தேர்வுக் குமிழோ நெம்புகோலோ இருக்கிறதா, அடியில் முன்புறம் நோக்கிச் செல்லும் இரண்டாவது புரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது ஆற்றலைக் கடத்தும் சுழல் தண்டு, இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான சான்று.

நாற்சக்கர இயக்கத்திலும் இரண்டு வகை உண்டு. தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களை இணைப்பது பகுதிநேர அமைப்பு. எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்குவது முழுநேர அமைப்பு. ஸ்கார்ப்பியோ, சஃபாரி, தார் ஆகியவற்றின் பழைய நாற்சக்கர வகைகள் பகுதிநேர அமைப்பைக் கொண்டவை. 2009-இல் வந்த முதல் ஃபார்ச்சூனர் முழுநேர அமைப்புடன் வந்தது. பகுதிநேர வண்டியில் 2 ஹெச் என்பது பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் சாதாரண நிலை; 4 ஹெச் என்பது வழக்கமான வேகத்திலேயே நான்கு சக்கரங்களும் இயங்கும் நிலை; 4 எல் என்பது டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள தனிப் பல்சக்கரங்களால் வேகத்தைப் பெரிதும் குறைத்து, இழுவிசையைப் பெரிதும் கூட்டும் நிலை. கியர் பாக்ஸிலிருந்து வரும் ஆற்றலை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியே டிரான்ஸ்ஃபர் கேஸ். நாற்சக்கர இயக்கத்துக்கென்று கொடுக்கும் கூடுதல் விலையில் இந்தப் பெட்டிக்கும் பங்கு உண்டு.

தண்ணீரின் சுவடுகள்

வண்டியைக் கழுவி எடுத்து வருவதாக விற்பவர் சொன்னால், கழுவாமலேயே பார்க்க விரும்புவதாகச் சொல்லிவிடுவது நல்லது. அடிப்பகுதியில் படிந்த தூசிதான் எங்கே எண்ணெய் கசிகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். பின்னர் அருகிலுள்ள வாட்டர் வாஷ் நிலையத்திலோ பணிமனையிலோ வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டே அல்ல.

லிஃப்ட்டில் ஏறிய வண்டியில் முதலில் திறக்க வேண்டியது முன், பின் டிஃபரன்ஷியல்களின் எண்ணெய் நிரப்பும் மூடிகளை. வண்டி திரும்பும்போது இடப்பக்கச் சக்கரமும் வலப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். நீண்ட நேரம் ஓடிச் சூடாக இருக்கும் இந்தத் தொகுதி திடீரென்று குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சத் தொடங்குகிறது. அந்த அழுத்த வேறுபாட்டைச் சமன் செய்வதற்கென்று மேலே ‘பிரீதர்’ எனப்படும் சிறு மூச்சுக் குழாய் உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தாலோ, அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, சீல்கள் வழியாகவும் அந்தக் குழாய் வழியாகவும் தண்ணீரே உள்ளே இழுக்கப்படுகிறது. ஓடி நனைந்த வண்டி உள்ளுக்குள் கெடுவது இப்படித்தான். மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்க்கும்போது எண்ணெய் தேன் நிறத்திலோ கருமையாகவோ இருந்தால் அது வயதின் அடையாளம். பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்பது உறுதி. அத்தகைய எண்ணெயில் நாள்தோறும் ஓடிய பேரிங்குகள் துருவேறித் தேய்ந்திருக்கும். எண்ணெயை மாற்றிவிட்டால் நிறம் மாறுமே தவிர, தேய்ந்த உலோகம் திரும்ப வளராது. அடைப்பானில் காந்தம் பொருத்திய வண்டிகளில் மெல்லிய கரும்பசை ஒட்டியிருப்பது இயல்பு. உலோகத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் பற்கள் உடையத் தொடங்கிவிட்டன என்று கொள்ள வேண்டும்.

நின்று நனைந்ததன் சுவடுகள் வண்டியின் உள்ளேதான் மிகுதியாகக் கிடைக்கும். சீட் பெல்ட்டை அதன் கடைசி முனை வரை இழுத்துப் பார்த்தால், யாரும் கழுவ நினைக்காத அந்த அடி நீளத்தில் வண்டல் கோடு தெரியக்கூடும். இருக்கைகளைத் தாங்கும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, தரை விரிப்பின் அடியில் உலர்ந்த மண், மின் இணைப்பு முனைகளில் பச்சைப் படிவம், ஹெட்லைட்டின் உட்புறத்தில் நீர்க்கோடு, வாசனைத் திரவியத்தால் மறைக்கப்பட்ட பூஞ்சை வாடை ஆகியவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் ஐயப்படலாம். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். பல கட்டுப்பாட்டுக் கருவிகளை இணைக்கும் கம்பிக் கற்றையில் அரிப்பு ஏறிய வண்டி, ஒரு பழுதைச் சரிசெய்த அடுத்த மாதமே இன்னொரு பழுதைக் காட்டும்.

சேசிஸ்

இவ்வகைப் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை, ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மீது உடல்பகுதியைப் பொருத்திக் கட்டியவை. அந்த ஏணிச் சட்டமே சேசிஸ். டிங்கரிங் செய்து பட்டி பூசிப் புதுப் பெயிண்ட் அடித்தால் கதவும் மட்கார்டும் புதிதாகிவிடும். சேசிஸ் வளைந்தால் அது எந்தப் பூச்சாலும் நிமிராது. கடற்கரைச் சாலையிலும் கடலோர மணலிலும் அதிகம் ஓடிய வண்டியில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து சட்டத்தின் உட்குழிவில் துருவை வளர்க்கும் ஆதலால், சிறிய சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிக் கேட்பது பயனுள்ள பழைய முறை. நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். புதிதாகக் கருப்புத் தார் பூசிய சட்டமும், ஆலையின் ஒழுங்கான பற்றவைப்பு வரிசைக்கு நடுவே தடித்துத் தெரியும் புதிய வெல்டிங்கும் எச்சரிக்கைக்கு உரியவை.

சேசிஸில் பொறித்துள்ள 17 இலக்க எண் ஆர்.சி. எனப்படும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைக் குறிப்பவை. பொறிப்பைச் சுற்றித் தேய்த்த தடமோ புதுப் பெயிண்ட்டோ இருந்தால், மேற்கொண்டு சோதிக்கத் தேவையே இல்லை.

எஞ்சின்

எஞ்சினைச் சோதிப்பவர் அது குளிர்ந்திருக்கும் வேளையில் செல்ல வேண்டும்; விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்பதைப் பானெட்டின் மேல் கைவைத்தே அறியலாம். டீசல் எஞ்சின் குளிர்ந்த நிலையில் தடுமாறாமல் இயங்கத் தொடங்குவது நல்ல அடையாளம். இடைவிடாத நீலப் புகை எண்ணெய் எரிவதையும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வரும் அடர்ந்த கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை, குளிர்விக்கும் நீர் எரி அறைக்குள் கசிவதையோ எரியாத டீசல் வெளியேறுவதையோ குறிக்கலாம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் தளர்த்தினால் குபுகுபுவென்று புகை எழும்பி மூடியைத் தள்ளுமானால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று மெக்கானிக் சொல்வதை நம்பலாம்.

இங்கும் தண்ணீரின் வரலாற்றைத் தேட வேண்டியிருக்கிறது. வெள்ளத்தில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்தால், காற்றைப்போல் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், மேலெழும் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடுகிறது. சற்றே வளைந்த ராடுடன் எஞ்சின் மாதக்கணக்கில் ஓடிவிட்டு, ஒருநாள் உடைந்து சிலிண்டர் சுவரைத் துளைக்கக்கூடும். ஆகவே காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து, தாளில் அலையலையான நீர்த்தடமும் பெட்டியின் அடியில் வண்டலும் உண்டா என்று பார்ப்பதும், சீரான தாளத்துக்கு இடையே ஒரு சிலிண்டர் மட்டும் தட்டும் ஓசை எழுகிறதா என்று கேட்பதும், ஐயம் எழுந்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் தனித்தனியே அளக்கச் சொல்வதும் அவசியமாகின்றன.

நான்கு சக்கரங்களும் இயங்குகின்றனவா

சமவெளியான சென்னையில் பெரும்பாலான உரிமையாளர்கள் 4 ஹெச் நிலையை ஆண்டுக்கணக்கில் தொடுவதே இல்லை. பயன்படுத்தவே இல்லை, புதிதாக இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில் உண்மை இருந்தாலும், பயன்படாத அமைப்பு கெடாத அமைப்பு ஆகிவிடாது. நகராத நெம்புகோல் இறுகுகிறது, அசையாத மின்மோட்டார் சிக்குகிறது, எண்ணெய் படாத சீல் உலர்ந்து வெடிக்கிறது. வால்பாறையிலும் கொடைக்கானலிலும் மண் பாதைகளில் மாதந்தோறும் 4 எல் நிலையில் ஏறிய வண்டி, தேய்ந்திருந்தாலும் இயங்கும் வண்டியாக இருக்க வாய்ப்புண்டு.

இந்தச் சோதனையை ரேடியல் சாலையின் தார்ப்பரப்பில் செய்யக் கூடாது. பகுதிநேர அமைப்பில் 4 ஹெச் நிலைக்கு மாறும்போது முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. ஆனால் வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் ஓடியாக வேண்டும். மண்ணில் சக்கரம் சிறிது வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். பிடிப்பு மிகுந்த தாரில் வழுக்க இடமின்றி, விறைப்பு முழுவதும் பல்சக்கரங்களின் மேல் ஏறி அவற்றை உடைக்கக்கூடும். எனவே தார் போடாத மனைப்பிரிவுத் தெருவோ, உரியவரின் அனுமதி பெற்ற வெற்று மனையோ போதும். சதுப்பு நிலமும் கடற்கரையும் இதற்கான இடங்கள் அல்ல.

மண் தரையில் 4 ஹெச் நிலைக்கு மாற்றிச் சிறிது தூரம் ஓட்டியும், பின் வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து 4 எல் நிலைக்கு மாற்றி, முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விட்டும் பார்க்க வேண்டும். நல்ல வண்டி குலுங்காமல், ஆமை வேகத்தில், உறுதியோடு ஊர்ந்து செல்லும். மீட்டர் பலகையில் விளக்கு எரிவதை மட்டும் நம்புவது தவறு. கட்டளை போய்ச் சேர்ந்தது என்பதை அறிவிக்கும் அந்த விளக்கு, முன் சக்கரத்துக்கு ஆற்றல் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்வதில்லை. அதை அறிய மெக்கானிக்குகள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு: 4 ஹெச் நிலைக்கு மாற்றிய பின் எஞ்சினை நிறுத்தி, வண்டியைக் கியரில் விட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிக் கையால் சுழற்றினால், அது சுழல மறுக்க வேண்டும், 2 ஹெச் நிலையில் அதே சக்கரம் தாராளமாகச் சுழல வேண்டும். இரண்டு நிலையிலும் சுழன்றால், இணைப்பு எங்கோ அறுந்திருக்கலாம். சக்கர மையத்தில் தனிப் பூட்டு கொண்ட வண்டிகளில் அந்தப் பூட்டு விழுந்திருக்கிறதா என்பதையும் உடன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசிவரை ஸ்டியரிங்கைத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது முன் சக்கரத்தில் ‘டக் டக்’ என்ற ஓசை கேட்டால் முன் ஆக்சிலின் மூட்டு தேய்ந்திருக்கும். முன்னும் பின்னும் மாற்றும்போது அடியில் ‘டொக்’ என்று அடித்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் தளர்ந்திருக்கும். நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கு அழகுக்காக அல்ல. சுற்றளவு வேறுபட்டால், 4 ஹெச் நிலையில் நேர்ச்சாலையிலும் பல்சக்கரங்களின் மேல் அந்த விறைப்பு ஏறும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை. 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம்.

ஆர்.சி. புத்தகம் சொல்வது

வண்டி தேறிவிட்டாலும் ஆவணம் தேறாமல் போகலாம். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதனோடு பசுமை வரியும், எஃப்.சி. எனப்படும் அந்தத் தகுதிச் சோதனைக்காகச் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பும் சேரும். மலிவாகத் தோன்றும் 2011-ஆம் ஆண்டு வண்டியை வாங்குபவர் 2026-இல் இந்தச் செலவைச் சந்திக்க நேரும் என்பதை விலையிலேயே கழித்துக்கொள்ள வேண்டும்.

தாம்பரத்தின் 11, சோழிங்கநல்லூரின் 14, மீனம்பாக்கத்தின் 22 ஆகிய வட்டாரப் போக்குவரத்து அலுவலக எண்கள் கொண்ட வண்டிகளில் உரிமை மாற்றம் எளிது. தலைநகர் தில்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015-ஆம் ஆண்டு உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் நடைமுறைப்படுத்தச் சொன்ன பின்னர், அங்கிருந்து வந்த இவ்வகை வண்டிகள் பிற மாநிலங்களில் விலைபோகத் தொடங்கின. வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் பெற வேண்டும், இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும் என்பதால், தடையில்லாச் சான்று கையில் இல்லாத வண்டிக்கு முன்பணம் கொடுப்பது ஆபத்து. கடன் இருந்த வண்டியாயின் வங்கியின் சான்றும் படிவம் 35-உம், உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30-உம் தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு கைமாறிக்கொண்டே வரும் வண்டியில், ஆர்.சி.யில் பெயருள்ளவரை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பரிவாகன் தளத்தில் நிலுவை அபராதமும் காப்பீட்டுக் காலமும் தெரியும். பழைய காப்பீட்டுக் கோரிக்கைகளை நிறுவனத்திடம் கேட்டால், நின்று நனைந்த வரலாறு அங்கே கிடைக்கலாம். மிகப் பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், முன்னால் பொருத்திய இரும்புத் தடுப்பு போன்ற மாற்றங்கள் சட்டத்துக்கு முரணானவை ஆதலால், அவற்றைக் கழற்றும் செலவும் வாங்குபவரையே சேரும்.

வாங்கிய பின்

யானை வாங்கினால் தீனிக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். சோதனையில் தேறிய வண்டிக்கும் எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல்கள் ஆகிய ஐந்து இடங்களிலும் எண்ணெயை முதல் வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று கொள்வது பாதுகாப்பு. இச்செலவுகளுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்குள் கிடைக்கும் வண்டியையே தேட வேண்டும். லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க ஒப்பாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லை.

புதிய உரிமையாளருக்கு இன்னும் ஒரு கடமை மிஞ்சுகிறது. மாதம் ஒருமுறையாவது மண் தரையில் 4 ஹெச், 4 எல் நிலைகளை இயக்கி ஓட்ட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் பிரீதர் குழாய்களைச் சுத்தம் செய்து, இயன்றால் அவற்றின் வாயை உயரத்தில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். தண்ணீரில் இறங்கிவிட்டு வந்தால் அந்த வாரமே டிஃபரன்ஷியல் எண்ணெயைத் திறந்து பார்க்க வேண்டும். கோவிலம்பாக்கத்தின் தெருக்களில் தண்ணீர் மீண்டும் ஏறும் நாளில் அக்கம்பக்கத்தார் முதலில் தேடி வருவது இந்த வண்டியைத்தான். அன்று நான்கு சக்கரங்களும் இழுக்குமா என்பதற்கு, வாங்கிய நாளில் அடியில் குனிந்து பார்த்ததும், அதன்பின் மாதந்தோறும் பேணியதும் மட்டுமே பதில் சொல்லும்.